நெல்லோரத்தில் நின்ற கால்

அவள் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டாள். வெட்கம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் திமிர் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. மனிதர்களிடம் அவள் பார்க்க வேண்டியதெல்லாம் கணுக்காலுக்குக் கீழேதான் இருந்தது.

நான் அவளைத் தேடிப் போனதே சண்டை போடத்தான். என் மகள் அபியை டென்னிஸ் பழக அனுப்பி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அவள் அப்பாவிடம் மட்டை வாங்கிக்கொண்டு போன பெண், ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. தினமும் சாயந்திரம் வீட்டுக்கு வந்து கூடத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து காட்டுவாள். கயிறு தாண்டுவாள். கேட்டால், மட்டையை இப்போது தொட வேண்டாம் என்று மிஸ் சொல்லியிருக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் கரும்பு விவசாயி, பேச்சில் கரும்பு இல்லாதவர். பக்கவாட்டில் நடப்பதற்கு எதற்கு மட்டை, நண்டுக்கு யார் வாங்கிக் கொடுத்தது என்று போகிறபோது வருகிறபோதெல்லாம் குத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே டென்னிஸ் கோர்ட்டுக்குப் போனேன்.

அவள் சிமெண்ட் தரையில் குந்திக்கொண்டு சாக்பீஸால் ஏணி மாதிரிக் கட்டங்கள் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கழுத்தில் விசில், வெயிலில் கறுத்த கை, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் தலையைத் தூக்காமலேயே பேசினாள்.

"குதிகால அழுத்தி வர்றீங்கக்கா. சண்ட போடத்தான் வந்திருக்கீங்க. அபி அம்மாவா?"

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு போன வசனம் அத்தனையும் மறந்துவிட்டது. எப்படித் தெரியும் என்றுதான் கேட்க முடிந்தது. அபியும் வலது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பித்தான் வைக்கிறாளாம், அது என்னிடமிருந்து வந்ததாம். பதினாலு வருஷமாகப் பெற்று வளர்த்த எனக்குத் தெரியாத சேதி அது. அபி மூக்கு அவள் அப்பா மூக்கு, கோபம் என் கோபம் என்றுதான் அதுவரை கணக்கு வைத்திருந்தோம். பாதத்தை யார் பார்த்தது?

மட்டையை ஏன் தரவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இரண்டே வார்த்தை. "கை அப்புறம்." அதற்கப்புறம் எத்தனையோ தடவை அவள் வாயிலிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் மட்டையைச் சுழற்றிக்கொண்டு ஓடினால் "கை அப்புறம்". பெற்றோர்கள் பிள்ளைக்கு ஃபோர்ஹேண்ட் சரியில்லை என்று வந்தால் "கை அப்புறம்". பந்து நம் கைக்கு வந்து சேராது, கால்தான் பந்திடம் போக வேண்டும் என்பது அவள் கட்சி. அன்றைக்குச் சண்டை போடாமலே திரும்பி வந்தேன். வரும்போது என் வலது பாதத்தைப் பார்த்துப் பார்த்து நடந்ததில் கேட்டில் இடித்துக்கொண்டேன்.

கோர்ட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே பாகூர் பக்கம், கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவில் டென்னிஸ் கோர்ட் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, அங்கே இருந்த காலத்தில் டென்னிஸ் பைத்தியம் பிடித்து, ஊருக்குத் திரும்பியதும் தன் வீட்டை ஒட்டிய நிலத்தில் சிமெண்ட் கோர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டார். அவரோடு ஆட ஊரில் ஆள் இல்லை. அதனால் பிள்ளைகளைப் பழக்க ஏற்பாடு செய்தார். மூலக்குளத்திலிருந்து ஒரு கோச் வந்து மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஓட்டத்துக்கும் உடம்புக்கும் இவள். கடலோரம் நல்லவாட்டில் வீடு. அப்பாவுக்குப் படகு. உடற்கல்வி படித்துவிட்டுத் தினமும் ஸ்கூட்டியில் தவளக்குப்பம் வழியாக வருவாள்.

தவளக்குப்பம் சந்திப்பில் ஒருநாள் என்னை நிறுத்தி வைத்து ஒரு வேடிக்கை காட்டினாள். கடலூர் ரோட்டைக் கடக்க ஜனங்கள் நிற்கிறார்கள். பஸ்ஸும் லாரியும் பறக்கின்றன. முகத்தைப் பார்க்காதீர்கள், காலை மட்டும் பாருங்கள் என்றாள். பார்த்தேன். கூடைக்காரம்மா, ஆபீஸ் போகிறவர், பள்ளிக்கூடப் பையன், எல்லோரும் வண்டி வருகிற பக்கம் பார்த்து, இடைவெளி கிடைக்கிற அந்த நொடிக்கு முன்னால் இரண்டு காலிலும் லேசாக எம்பி இறங்கினார்கள். அப்புறம்தான் ஓடினார்கள். அதுதான் டென்னிஸில் முதல் பாடமாம். எதிராளி அடிக்கிற நொடியில் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, கால் அகட்டி இறங்கவேண்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் பாயமுடியும். "ஊர்ல எல்லாருக்கும் தெரியுதுக்கா, நம்ம புள்ளைங்களுக்குத்தான் கோர்ட்டுக்குள்ள வந்தா மறந்துபூடுது" என்றாள். நடுரோட்டில் நின்று நான் சிரித்த சிரிப்பில் டிராபிக் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அந்தக் கண் எல்லா நேரமும் வேடிக்கையாக இருக்கவில்லை. வில்லியனூரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே பட்டுப்புடவையைப் பார்க்கிறது, நகையைப் பார்க்கிறது. இவள் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு என் காதில், பெண்ணின் கால் இரண்டும் படிக்கட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறது, அது இறங்கிப் போகப் பார்க்கிற கால் என்றாள். வாயை மூடு என்று தொடையில் கிள்ளினேன். அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்பது அந்தக் குடும்பத்து விஷயம், இங்கே வேண்டாம். ஆனால் அன்றையிலிருந்து அவள் எதிரில் என் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. நம்மைப் பற்றி நமக்கே தெரியாததை ஒருத்தி தெரிந்து வைத்திருந்தால் யாருக்குத்தான் உதைப்பு இருக்காது?

பெற்றோர்கள் பலருக்கு அவளைப் பிடிக்கவில்லை. பந்து அடிக்க அனுப்பினால் பட்டாளத்துக்குப் போகிற மாதிரி ஓடவிடுகிறாள் என்று புலம்பினார்கள். கோச்சிடம் போய்ப் போய்ச் சொன்னார்கள். அவரும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கடைசியில் ஒரு முடிவு சொன்னார். தை, மாசியில் புதுச்சேரி அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கும் போட்டி வருகிறது. நம் கோர்ட்டிலிருந்து ஒருத்தி அணிக்குள் போனால் இவள் இருக்கலாம். இல்லாவிட்டால் ஓட்டத்துக்கு என்று தனியாக ஓர் ஆள் தேவையில்லை. சொல்தாவும் தலையாட்டிவிட்டார்.

அதை அவளே என்னிடம் சொன்னாள், தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டு. திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். போய்விடு என்கிறார்களாம் வீட்டில். எனக்கு அது நல்ல வேலையாகத்தான் பட்டது. வேலை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற காலத்தில் உனக்கு என்ன கேடு என்று கேட்டேன்.

"அங்க போனா காலைல பிரேயருக்கு வரிசையா நிக்க வெக்கிறதுதான்க்கா வேல. நிக்க வெக்கவா நான் படிச்சேன்? எனக்கு இந்த கோர்ட்ட வுட்டுட்டுப் போவ மனசே இல்ல."

அணிக்குள் போகிற வாய்ப்பு இருந்தது ஒரே ஒருத்திக்குத்தான். அது என் அபி. 

இப்போது நெல் விஷயத்துக்கு வருகிறேன். சொல்தாவுக்கு கோர்ட் எவ்வளவு உயிரோ நெல்லும் அவ்வளவு உயிர். அறுவடை முடிந்தால் மற்றவர்கள் எல்லோரும் ரோட்டில் கொட்டிக் காயவைப்பார்கள். அவருக்கு ரோடு எதற்கு, வீட்டு வாசலில் வழவழவென்று சிமெண்ட் தரை இருக்கும்போது? வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், நடுவில் இருக்கிற சர்வீஸ் கோடு வரைக்கும் நெல்லைப் பரப்பிவிடுவார். சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் இருக்கிற தரை மட்டும்தான் பிள்ளைகளுக்கு. எங்கள் பக்கத்தில் வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம். ஒவ்வொரு போகத்துக்கும் இதே கூத்துதான். கோச் தலையில் அடித்துக்கொண்டு மூலக்குளத்திலேயே தங்கிவிடுவார்.

இவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. நெல்லையே பாடமாக்கிவிட்டாள். பந்து நெல்லுக்கு அப்பால் விழவேண்டும், அதுதான் ஆட்டம். நெல்லில் விழுந்தால் அந்தப் புள்ளி போச்சு. பிள்ளைகள் பின்கோட்டு ஓரமாகவே இப்படியும் அப்படியும் பறந்து பறந்து, பந்தை ஆழமாக அடிக்கப் பழகினார்கள். முன்னால் ஓடி வந்தாலும் நெல் விளிம்பில் சடக்கென்று நின்றாக வேண்டும். வெறுங்காலோடு நெல்லில் இறங்கலாம், கிளறலாம், பந்து பொறுக்கலாம். ஷூ காலோடு மிதித்தால் தொலைந்தது. சொல்தா வீட்டில் மட்டுமில்லை, எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் அது நடக்காது. சாப்பிடுகிற பொருளைச் செருப்புக் காலால் மிதிக்க எங்கள் பிள்ளைகளுக்கு மனசு வராது, சொல்லித்தரவே வேண்டாம். அபி நிற்கிற நேர்த்தியைப் பார்த்து அவள் அப்படிச் சந்தோஷப்பட்டாள். ஓடுவதைவிட நிற்பதுதான் கஷ்டம், உங்கள் பெண் கட்டைவிரலில் நிற்கிறாள் என்று என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

தேர்வுப் போட்டி டவுனில் நடந்தது. முதல் சுற்றுகளில் அபி அடித்த அடியில் எதிரில் இருந்த பெண்கள் பின்கோட்டை விட்டு நகரவே முடியவில்லை. பந்து ஒவ்வொன்றும் ஆழமாகப் போய் விழுந்தது. பாகூர்ப் பக்கத்துப் பெண்ணா இது என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள். என் வீட்டுக்காரர் கரும்பை மறந்துவிட்டுக் கை தட்டினார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்தால் அணி. இவள் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண் அபியின் காலில். ஸ்கோர் என்ன என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

முதல் செட் அபிக்கு. இரண்டாவது செட்டில்தான் எதிரில் இருந்த டவுன் பெண் ஒரு பந்தை ஓங்கி அடிப்பது போல வந்து, மெல்லத் தட்டி வலையோரமாகப் போட்டாள். அபி சிட்டாகப் பறந்து வந்தாள். வந்தவள் சர்வீஸ் கோட்டில் நின்றுவிட்டாள். பந்து அவள் கண்ணெதிரே இரண்டு குதி குதித்துச் செத்தது. சரி, எட்டவில்லை என்று நினைத்தோம். டவுன் பெண்ணுக்குப் புத்தி உண்டு. மறுபடியும் போட்டாள். மறுபடியும் அபி ஓடி வந்து அதே இடத்தில் நின்றாள். அதற்கப்புறம் அந்தப் பெண் வேறு எதுவும் அடிக்கவே இல்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடேண்டி, ஓடேண்டி என்று பல்லைக் கடித்தேன். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள், பெண் களைத்துவிட்டது என்றார்கள். இவள் மட்டும் கம்பியை விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, அவ நெல்லுகிட்ட நிக்கிறாக்கா."

அவள் சொன்னதும்தான் நானும் காலைப் பார்த்தேன். அப்பட்டமாகத் தெரிந்தது. பாய்ந்து வருகிறாள், கோடு வந்ததும் கட்டைவிரலை ஊன்றிச் சடக்கென்று நிற்கிறாள். அழகான நிற்பு. அங்கே ஒரு மணி நெல் கிடையாது. கத்திச் சொல்லேண்டி என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். வெளியிலிருந்து யாரும் சொல்லக்கூடாது, சொன்னால் அபிக்குத்தான் தண்டனை என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அபி தோற்கிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆட்டம் முடிந்ததும் கோச்சைச் சுற்றி எங்கள் பெற்றோர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். சொல்தாவும் இருந்தார். அபி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓரமாக நின்றாள். கோச் கெட்டவர் இல்லை. அவர் இவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்திருப்பார். ஓட்டத்தில் குறை இல்லை, அந்தப் பெண்ணுக்கு ஓட்டம் நன்றாகவே இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"பொண்ணு பயந்துட்டா. அவ்ளோதான். டேலண்ட் இருக்கு, தில்லு இல்ல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அணிக்குள் ஒருத்தி போகாவிட்டால் ஆள் வேண்டாம் என்றவரே அடுத்த வருஷம் என்று சொல்லிவிட்டதால், அதோடு முடிந்திருக்கும். இவளை வேலையை விட்டு அனுப்ப யாருக்கும் காரணம் இருந்திருக்காது. பெற்றோர்களும் அரைமனதாகத் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். துண்டுக்குள்ளிருந்து அபி, ஆமாம், நான் பயந்துட்டேன் போல, கால் வரவே இல்லை என்றாள். 

இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அபியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் காலியாகக் கிடந்த கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். பின்கோட்டில் நிற்கவைத்தாள். வலைக்கு அந்தப் பக்கம் போய், ஒரு பந்தைக் கையாலேயே வலையோரமாகப் போட்டாள். அபி ஓடிவந்து கோட்டில் நின்றாள். இன்னொன்று போட்டாள். நின்றாள். எல்லோரும் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஷூவைக் கழற்றச் சொன்னாள். சாக்ஸையும் கழற்றச் சொன்னாள். மறுபடி ஒரு பந்து.

அபி வெறுங்காலோடு கோட்டைத் தாண்டி, வலை வரைக்கும் வந்து, பந்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். போட்டுவிட்டுத் தன் காலையே குனிந்து பார்த்தாள். இவள் மறுபடி ஷூவை மாட்டச் சொன்னாள். மாட்டியதும் அபி கோட்டிலேயே நின்றாள். கழற்றினால் ஓடினாள். சொல்தாதான் முதலில் புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நெல்லு" என்று தனக்குத் தானே சொன்னார்.

இவள் கம்பியோரம் வந்து நின்று பேசினாள். 

"இந்தக் காலுக்குப் பயம் இன்னான்னே தெரியாது. நான் எங்க நிக்கச் சொன்னனோ அங்க நிக்குது. மூணு போகமா நான்தான் அத நிக்க வெச்சேன். தப்பு என்னுது. அவள யாரும் பயந்தாங்கொள்ளின்னு சொல்லாதீங்க."

தன் மேல் இருக்கிற குற்றத்தைத் தானே ருசுப்படுத்தி, சாட்சியும் வைத்து நிரூபித்த ஒருத்தியை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்கப்புறம் பெற்றோர்கள் விடுவார்களா? இத்தனை நாள் புலம்பியதற்கெல்லாம் ஒரு காரணம் கைமேல் கிடைத்துவிட்டது. நான் எகிறினேன். நெல்லைக் கொட்டியது யார், கொட்டிய இடத்தில் ஆடவிட்டு வீட்டில் உட்கார்ந்துகொண்டது யார் என்று கோச்சையும் சொல்தாவையும் ஒரு பிடி பிடித்தேன். என் வீட்டுக்காரர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். எதுவும் எடுபடவில்லை. வாரம் முடிவதற்குள் கோர்ட்டில் அவளுக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது.

அந்தத் திருக்கோவிலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூட வேலைக்கே கிளம்பினாள். வில்லியனூரில் விழுப்புரம் பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டது நான்தான். ஒரு பெட்டி, ஒரு பை, விசில் கழுத்திலேயே இருந்தது. வழியெல்லாம் அடக்கிவைத்திருந்தது பஸ் நிறுத்தத்தில் வெடித்துவிட்டது. நடுத்தெருவில் நின்று அவளைத் திட்டித் தீர்த்தேன். பைத்தியமாடி உனக்கு, அந்த மனுஷன் வழி போட்டுக் கொடுத்தாரே, பயந்துவிட்டாள் என்று அவர் சொன்னதற்கு நீ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதுமே, என் பெண் இரண்டு நாள் அழுதிருப்பாள், அப்புறம் சரியாகியிருப்பாள், உன் வேலை உனக்கு இருந்திருக்குமே என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் பெட்டியின் கைப்பிடியைச் சரிசெய்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேல இருந்திருக்கும்க்கா. ஆனா அவ அத நம்பியிருப்பா. ஆயுசுக்கும் நம்பியிருப்பா."

பஸ் வந்துவிட்டது. போய் போன் பண்ணு என்றேன், வேறென்ன சொல்ல. பண்ணினாள், இரண்டு மூன்று தடவை. அப்புறம் அவள் எண் மாறிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. எந்த ஊர்ப் பிள்ளைகளின் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அவள் போன பிறகு அபி கோர்ட் பக்கமே போகவில்லை. மட்டை உறையோடு மூலையில் கிடந்தது. சித்திரையில் அறுப்பு முடிந்த ஒருநாள் காலை, நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள். எனக்காகத்தானே மிஸ் வேலை போச்சு என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். எனக்கு வாய் வரவில்லை. ஆமாண்டி, உனக்காகத்தான் என்றேன். அவள் ஷூவை மாட்டிக்கொண்டு, மட்டையை எடுத்துக்கொண்டு, தோசையைக்கூடத் தொடாமல் சைக்கிளில் போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சொல்தாவிடமிருந்து போன் வந்தது.

"உம் பொண்ணு என்ன ஒரு வார்த்த கேக்காம காய வெச்ச நெல்ல மொத்தமா ஓரத்துக்குத் தள்ளிட்டாம்மா. தள்ளிட்டு, தானே பந்த வலைகிட்ட தூக்கிப் போட்டுப் போட்டு ஓடிக்கினு இருக்கா. கூப்ட்டா திரும்ப மாட்றா. நான் இன்னா பண்ணட்டும்?"

வலை வரைக்கும் போகிறாளா என்று கேட்டேன். ஜன்னல் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்திருப்பார் போல. இப்போது போனாள் என்றார்.

"ஓடட்டும் விடுங்க" என்றேன். "நெல்ல நான் வந்து அள்றேன்."